பழுப்புப் புட்டியில் இருந்த எண்ணெய்

பாகு கொதிக்கும்போது அதில் கரண்டி போடக்கூடாது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். கிளறினால் சர்க்கரை திரும்பவும் மணல்மணலாகப் போய்விடும். பேசாமல் நின்று நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்து, பதம் வந்ததும் சட்டியைத் தூக்கிக் கற்பலகையில் ஊற்ற வேண்டும். நீங்கள் அந்தச் சட்டியைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும், மேடம். தீக்காயம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால் போலீஸ் வந்து வீட்டு ஆளிடம் நாலு கேள்வி கேட்டாக வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் சட்டியில் ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நான் எண்ணெயில் ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் அக்காவும் தங்கையும். கல்யாண கேக் செய்கிற கடை எங்களுடையது. கீழே கடை, மேலே வீடு. வாடிக்கைக்காரர்களுக்கு நான் பெரியக்கா, அவள் சின்னக்கா. ஐம்பது தாண்டியும் அவள் சின்னக்காதான். எனக்கு அவள் சின்னு. கேக்கை வேகவைப்பது நான். அதன்மேல் வைக்கிற சர்க்கரைப் பூக்கள் அவள் கை வேலை. மாவை வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, இதழ் இதழாக வெட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓரத்தை நெளிய வைப்பாள். கல்யாணப் பெண்கள் அந்தப் பூவைக் கடிக்க மனசு வராமல் டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தி, கடைசியில் எறும்புக்குக் கொடுப்பார்கள். என் கேக்கை யாரும் பத்திரப்படுத்தியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. கேக் கடைக்காரிக்கு இப்படி ஆனால் என்ன செய்வாள்? என் நாக்கு அவளுக்கும் நாக்கானது. க்ரீமை அடித்துவிட்டு, "எப்படிக்கா இருக்கு?" என்று கரண்டியை நீட்டுவாள். "தித்திப்பு தூக்கலா இருக்கு, எலுமிச்சை போதாது" என்பேன். மறுபேச்சு இல்லாமல் மாற்றுவாள். சாப்பிட உட்கார்ந்தாலும் முதல் வாய் நான்தான் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவாள். அவளுக்கு அதில்தான் ருசி.

நான் எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். வெண்ணெய் கொண்டுவருகிறவர் டப்பாவை நான் திறப்பதற்குள் ஓடிவிடப் பார்ப்பார். பெரியக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று தெருவே சொல்லும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு அவள் விரல்களுக்கு வலி வந்தது. கட்டைவிரல் அடிமூட்டு முதலில், அப்புறம் ஒவ்வொரு கணுவாக. மூட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துத் தேய்மானம் என்றார். "படத்துல தெரியற தேய்மானமும் ஆள் சொல்ற வலியும் எப்பவும் ஒத்துப்போகாது. சிலருக்குக் கொஞ்சம் தேய்ஞ்சாலே உயிர் போகும், சிலருக்கு முழுக்கத் தேய்ஞ்சும் ஒண்ணும் தெரியாது" என்றார். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பூ வேலை பாதியாகக் குறைந்தது. காலையில் அவள் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன். தலை வாரிவிட்டேன். ஜாடி மூடி, குழாய், சாவி எல்லாம் நான். வெந்நீரில் அவள் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, மேடம். சட்டியைப் பற்றிச் சொல்வதைவிட இதற்குத்தான் வெட்கம். அந்த இரண்டு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன். யாருக்கும் நான் இவ்வளவு வேண்டியவளாக இருந்ததே இல்லை. அவள் வலியில் முனகும்போது எனக்குப் பாவமாகத்தான் இருக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் மனைவியை இழந்தவர், ஒரே மகள் வேறு ஊரில். வாரத்துக்கு ஒருமுறை எங்கள் கடைக்கு வந்து சின்ன கேக் ஒன்று வாங்கி, வீட்டுக்குப் போகாமல் எங்கள் கண்ணெதிரிலேயே தின்றுவிட்டுப் போவார். அவர்தான் அந்தப் பழுப்புப் புட்டியைக் கொண்டுவந்தார்.

"சி.பி.டி. எண்ணெய்னு சொல்றாங்க. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கறது, ஆனா போதை கீதை ஒண்ணும் ஏறாது. என் முழங்கால் மாடிப்படியைப் பாத்தாலே அழும். இப்ப பாருங்க" என்று எங்கள் கடைப் படியில் ஏறி இறங்கிக் காட்டினார்.

"இந்த வயசுல எங்களைக் கெட்ட வழிக்கு இழுக்கறீங்களே" என்றேன். சின்னு சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

டாக்டரைக் கேட்டோம். "சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கலை. நீங்க வேற மருந்து எதுவும் சாப்பிடலை, போட்டுப் பாக்கலாம். அதிசயம் எதிர்பார்க்காதீங்க" என்றார். காலையும் மாலையும் நாக்குக்கு அடியில் சில சொட்டு, விரல் கணுக்களில் கொஞ்சம் தேய்ப்பது. புட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும், அது அவளால் ஆகாது. நான்தான் திறந்து போட்டுவிடுவேன். பச்சைப் புல்லை நசுக்கினாற்போல ஒரு வாசனை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தலையணை வரைக்கும் அடித்தது. கண்ணாடிக்காரர் மேலேயே எப்போதும் அந்த வாசனைதான், அதனால் அவருக்கு அடுத்தவர் மேல் இருப்பது புலப்படாது. புட்டி தீரத் தீர நான் மருந்துக்கடையில் வாங்கி வந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கை தெளிந்தது. முதலில் வெந்நீர் வேண்டாம் என்றாள். அப்புறம் சீப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் புட்டி மூடியை அவளே திறந்து சொட்டு விட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி மூடியைத் தூக்கிக் காட்டினாள். "பாத்தியாக்கா!" என்றாள். பார்த்தேன். நல்லா இருக்கே என்றேன். மூடியை வாங்கி இறுக்க மூடினேன், கொஞ்சம் அதிகமாகவே.

பூ வேலை திரும்ப வந்தது. கண்ணாடிக்காரர் வாரம் ஒருமுறை வருவது தினமும் என்று ஆனது. எனக்கு ஒன்றும் புரியாமல் இல்லை. அந்த வயதில் இரண்டு பேர் ஒரு கேக்கைப் பாதியாக வெட்டித் தின்றால் பார்க்கிறவர்களுக்கே தெரிந்துவிடும். அவர் கடையை விற்றுவிட்டு மகள் இருக்கிற ஊருக்குப் போவதாக இருந்தார். இவளையும் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போவதாக முடிவானது. அங்கே அவளுக்கென்று ஒரு சின்னக் கடை, சர்க்கரைப் பூ மட்டும். சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வந்துடுக்கா" என்றாள். சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

கடை விடுமுறை நாள் ஒன்றில் காலை, அவள் இதழ் வெட்டும் அச்சுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சின்னு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இதை மறைச்சு வச்சு உன்னை அனுப்ப எனக்கு மனசு வரலை."

அவளிடம் நான் சொன்னது இது. முதல் புட்டியைக் கழுவுகிற தொட்டியில் தவறவிட்டேன், எல்லாம் கொட்டிப்போனது. கண்ணாடிக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சமையல் எண்ணெயை ஊற்றி வைத்தேன். அடுத்த வாரமே உனக்கு வலி குறைந்தது. குறைகிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு புட்டியிலும் சமையல் எண்ணெய்தான்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன கைகளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"வெறும் சமையல் எண்ணெயா?"

"ஆமா."

"அப்ப எனக்கு வலிச்சதெல்லாம்?"

"எனக்கென்னம்மா தெரியும்."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "இத்தனை நாள் இதை மனசுல வச்சுக்கிட்டு நீ என்ன பாடு பட்டிருப்பே" என்றாள். நான் அழுதேன். அந்த அழுகை உண்மையான அழுகை.

கண்ணாடிக்காரர் வந்தார். புட்டியைத் திறந்து முகர்ந்தார், ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். "சூரியகாந்தி" என்றார். அவருக்கு என்மேல் கோபம்கூட வரவில்லை. "அப்ப என் முழங்கால்லயும் நான் எதைத் தடவி ஏமாந்துக்கிட்டு இருக்கேனோ" என்று சிரித்துவிட்டு, "போனது போகட்டும், நான் அசலா ஒரு புட்டி வாங்கித் தரேன்" என்றார். சின்னு வேண்டாம் என்றுவிட்டாள். சமையல் எண்ணெயிலேயே சரியாகும் வலி மனசில்தான் இருந்திருக்கிறது, இனிமேல் அதற்கு மருந்து எதற்கு என்றாள். அவளுக்கு அது அவமானமாக இருந்தது. இரண்டு வருஷம் எங்களையெல்லாம் ஆட்டி வைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

சில வாரத்தில் கட்டைவிரலில் ஆரம்பித்தது. முதலில் கண்ணாடிக்காரரிடம்தான் சொன்னாள். அவர் அன்பாகத்தான் பதில் சொன்னார். "அது மனசு பண்ற வேலைம்மா. அதுக்கு இடம் கொடுக்காதே." அதற்கப்புறம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவும் கூச்சம், எதைச் சொல்லிப் போவது? வீங்கிய கணுவோடு உட்கார்ந்து இதழ் பிடிப்பாள், இதழ் கிழியும். கிழிந்ததை ஒதுக்கிவிட்டு இன்னொன்று எடுப்பாள். ஒருமுறை பின்னாலிருந்து கேட்டேன், தன் வலது கையைப் பார்த்து, "நடிக்காதே" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். அடுக்களைக்குப் போய் வெந்நீர் வைத்தேன்.

கண்ணாடிக்காரர் கடையைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. பின்னால் வருகிறேன் என்று அவரை அனுப்பினாள். அவர் போன பிறகு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கை உதவாமல் போய் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மாட்டாளாம். காலையில் பொத்தான் போட்டுவிட நான் போனேன். குனிந்து நின்றாள். முன்பு போட்டுவிடும்போது ஏதாவது வம்பு பேசுவோம். இப்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குத்தான் கஷ்டம்" என்றாள். எனக்குக் கஷ்டமே இல்லை என்றேன்.

இப்போது சட்டிக்கு வரலாம்.

அன்று ஒரு கல்யாண ஆர்டர், பாகில் அலங்காரம். பாகுச் சட்டி கனமான செம்புச் சட்டி, ஒற்றைக் கைப்பிடி. அதைத் தூக்குவது எப்போதும் நான்தான். அவள் கை நன்றாக இருந்த நாளிலும் நான்தான். சின்னு அடுப்பு முன்னால் நிறம் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு பிரகாசம். கேட்காமலே சொன்னாள்.

"காலையில அவர் போன் பண்ணினார்க்கா. கை எப்படி இருந்தா என்ன, நான் உன் கையை மட்டுமா கட்டிக்கப்போறேன்னு கேக்கறார். கடையும் வேண்டாம், பூவும் வேண்டாம், நீ வந்தா போதும்ங்கறார். நான் போகலாம்னு இருக்கேன்."

"நல்லது" என்றேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தேன்.

பாகு தேன் நிறத்துக்கு வந்தது. "வந்துடுச்சுக்கா, தூக்கு. இன்னிக்கு என் கை சரியில்லை" என்றாள்.

"நீயே தூக்கு" என்றேன்.

"விரல் மடங்கவே மாட்டேங்குது."

"அதெல்லாம் மனசுதான் சின்னு. உனக்கே தெரியுமே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். க்ரீமில் எலுமிச்சை போதாது என்று நான் சொன்னால் எப்படிப் பிழிவாளோ, அப்படித்தான். பாதித் தூரம் போனாள். விரல்கள் பிரிந்ததை நான் பார்த்தேன். நான் ஒரு எட்டு வைத்திருந்தால் பிடித்திருக்கலாம். பாகு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, மேடம். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்று எரிக்கும். அவள் இரண்டு கைகளிலும் ஒட்டிக்கொண்டது. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். அவள் அலறவில்லை. "வலிக்குதுக்கா, இது நிஜமா வலிக்குதுக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் நம்ப வேண்டுமே என்று சொன்னாள்.

நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால்கூட அந்தக் குரல் கேட்கிறது. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். கோபத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டது, அதற்கு இப்படி உருக வேண்டாம் என்கிறீர்கள். சமையல் எண்ணெயில் போன வலி மனசிலிருந்து வந்த வலிதானே, உங்களுக்குத் தெரிந்த உண்மையைத்தானே சொன்னீர்கள் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. கண்ணாடிக்காரரும் இப்படித்தான் பேசினார்.

பேனாவைத் திறங்கள், மேடம். அது சமையல் எண்ணெய் இல்லை.

முதல் புட்டி தொட்டியில் விழவே இல்லை. அதுவும் அசல், அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு புட்டியும் அசல். மருந்துக்கடையில் நானே வாங்கி, நானே முத்திரை பிரித்தது. அந்த விடுமுறை நாள் காலை, அவள் எழுந்திருப்பதற்கு முன்னால், இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு சூரியகாந்தி எண்ணெயை ஊற்றினேன். புல் வாசனை போகும் வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். வாசனை தெரிகிறவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான், இருந்தாலும் திறந்து வைத்தேன். அப்புறம் போய் அவள் எதிரில் உட்கார்ந்து நாக்கூசாமல் சொன்னேன். அவள் நாக்கில் பல மாதம் விழுந்தது என்ன எண்ணெய் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. என்னைத்தான் கேட்க வேண்டும். கேட்டாள், சொன்னேன்.

எண்ணெயால்தான் அவளுக்கு வலி போனதா, நம்பிக்கையால் போனதா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. எதுவாக இருந்தாலும் இரண்டையும் ஒரே பேச்சில் நிறுத்தினேன். வலி திரும்பி வந்தபோது அதை யாரும் நம்பாதபடியும் செய்தேன், அவளே நம்பாதபடி. இப்படியெல்லாம் ஆகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவள் போகாமல் இருந்தால் போதும் என்று மட்டும்தான் யோசித்தேன். அடுப்படியில் யோசிக்கவே இல்லை. அவள் தூக்கட்டும் என்று இருந்தது.

நான் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். டாக்டர் சொன்னாரா உங்களிடம்? இரண்டு கையிலும் கட்டு, பல மாதத்துக்கு அவிழ்க்க முடியாது. விரல்கள் திரும்புவது சந்தேகம்தான். ஊட்டிவிட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தண்ணீர் தம்ளரை வாயில் வைக்க வேண்டும். கண்ணாடிக்காரர் வண்டி ஏறிவிட்டாராம், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார். வரட்டும். ஆனால் அவளுக்கு என்ன தேவை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னாலும் நம்ப மாட்டாள். அக்காவைக் கூப்பிடுங்கள், அவள் வாயால் கேட்கிறேன் என்பாள். நான் போய்க் கட்டில் பக்கத்தில் நிற்பேன். "அப்படியாக்கா?" என்று கேட்பாள். இல்லை என்றுதான் சொல்வேன், மேடம். இந்த நிலைமையில் அவளுக்கு நம்புவதற்கு ஒருத்தியாவது வேண்டாமா?